சிங்கப்பூர், மாலத்தீவு: இருக்கிற கொஞ்ச நிலத்தை என்ன செய்கிறார்கள்?

வரைபடப்பிரியன்

மகளின் வினாடி வினாப் போட்டிக்காக ஆசியாவின் மிகச் சிறிய நாடுகளைத் தேடிக்கொண்டிருந்தேன். முதலில் மாலத்தீவு, 298 சதுர கிலோமீட்டர். அடுத்தது சிங்கப்பூர், சுமார் 736. நம் சென்னை மாநகராட்சியே 426. மாலத்தீவின் மொத்த நிலத்தையும் சென்னை எல்லைக்குள் வைத்தாலும் இடம் மிஞ்சும். வரைபடத்தில் அப்படித் தெரியவே இல்லை. வடக்கிலிருந்து தெற்குவரை 860 கிலோமீட்டர் போல நீண்டு கிடக்கிறது. சென்னையிலிருந்து கன்னியாகுமரிகூட அவ்வளவு தூரம் இல்லை.

ஆள் கணக்கில் வகுத்துப் பார்த்தேன். சிங்கப்பூரில் 60 லட்சம் பேர், தலைக்குச் சுமார் 120 சதுர மீட்டர். மாலத்தீவில் 2022 கணக்கெடுப்பின்படி வெளிநாட்டவரையும் சேர்த்து 5 லட்சத்து 15 ஆயிரம் பேர், தலைக்குச் சுமார் 580 சதுர மீட்டர். கிட்டத்தட்ட ஐந்து மடங்கு! அப்புறம் ஏன் தலைநகர் மாலே படங்களில் கட்டடத்தின் மேல் கட்டடம் ஏறி நிற்கிறது? இரண்டு நாடும் நிலத்தை எதெதற்கு வைத்திருக்கின்றன என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செங்காங் குமார்

சிங்கப்பூர்ப் பக்கத்தை நான் சொல்கிறேன். இருபது வருடத்துக்கு மேலாக இங்கேதான் இருக்கிறேன்.

736 என்பது பிறவிப் பரப்பு இல்லை. 1960களின் தொடக்கத்தில் 581 சொச்சம்தான். மீதி எல்லாம் நில மீட்பு, அதாவது கடலைத் தூர்த்துச் சேர்த்தது. கால் பங்குக்கு மேல் வளர்ந்திருக்கிறது. சாங்கி விமான நிலையத்தின் பெரும்பகுதி, ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா, மரினா பே எல்லாம் என் தாத்தா காலத்தில் தண்ணீர். ஜூரோங் தீவு என்று இன்று சொல்வது முன்பு ஏழு குட்டித் தீவுகள். இடையில் மண்ணைக் கொட்டி ஒன்றாக்கி ரசாயன ஆலைகளை வைத்துவிட்டார்கள்.

பயன்பாட்டுக்கு அரசே 2013இல் ஒரு நிலப் பயன்பாட்டுத் திட்டம் வெளியிட்டது. அதில் 2010 நிலவரம் இப்படி இருந்தது: குடியிருப்பு 14 சதவீதம், தொழில் வணிகம் 13, சாலை ரயில் 12, பூங்காவும் இயற்கை வனமும் 8, பள்ளி மருத்துவமனை வழிபாட்டிடம் மாதிரியானவை 8, நீர்த்தேக்கம் 5, துறைமுகமும் விமான நிலையமும் 3, மின்சாரம் கழிவுநீர் வகையறா 3. தற்காப்புக்கு 19. மிச்சம் 14 இதர வகை.

பாளையங்கோட்டை ராஜா

இருங்க. வீட்டுக்கு 14, ராணுவத்துக்கு 19ஆ? அச்சுப்பிழையா?

செங்காங் குமார்

பிழை இல்லை ராஜா. வீட்டை மேலே மேலே அடுக்கலாம். வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டடம் இருபது முப்பது மாடி சாதாரணம், பத்தில் எட்டுப் பேர் அதில்தான் இருக்கிறோம். பீரங்கிப் பயிற்சியை மாடி போட்டு நடத்த முடியுமா? குண்டு விழுகிற இடத்தைச் சுற்றி ஆளே இல்லாத பெரிய வட்டம் வேண்டும். தேசிய சேவைக்கு (கட்டாய ராணுவப் பயிற்சி) போன எல்லாப் பையன்களும் புலாவ் தெக்கோங்கை மறக்க மாட்டார்கள். அந்தத் தீவு முழுக்கப் பயிற்சிக் களம்.

ஒரே நிலத்துக்கு இரண்டு வேலை கொடுப்பதும் இங்கே வழக்கம். மேற்கே பயிற்சிக் காடு இருக்கும் பகுதியிலேயே நீர்த்தேக்கங்களும் இருக்கின்றன. நாட்டின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் விழும் மழை ஏதாவது ஒரு நீர்த்தேக்கத்துக்குப் போய்ச் சேர்கிறது. ஆக அந்த அட்டவணையில் நீர்த்தேக்கம் 5 சதவீதம் என்றால் தண்ணீருக்கு 5 சதவீதம்தான் என்று அர்த்தம் இல்லை. என் வீட்டு மொட்டை மாடியும் வாய்க்காலும்கூட நீர்ப்பிடிப்புப் பகுதிதான்.

கடல்தாண்டிய டீச்சர்

மாலத்தீவுப் பக்கத்தை நான் சொல்லலாம் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆசிரியர் வேலைக்கு அங்கே போனவர்கள் ஏராளம். நானும் அதில் ஒருத்தி. மாலேயில் இல்லை, வடக்கே ஒரு தீவில்.

வரைபடப்பிரியன் சார், உங்கள் 580 சதுர மீட்டர் கணக்கு வெறும் வகுத்தல்தான். அந்த 298 சதுர கிலோமீட்டரும் ஏறக்குறைய 1,200 துண்டுகளாகக் கிடக்கிறது. அதில் மக்கள் குடியிருப்பது 190க்குள். சுற்றுலா விடுதித் தீவுகள் 170க்கு மேல். மற்றவை ஆளில்லாதவை, அல்லது ஏதோ ஒரு வேலைக்கென்று ஒதுக்கியவை.

நான் இருந்த தீவைச் சொன்னால் புரியும். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தால் கால் மணி நேரம். நடுவில் பள்ளிவாசல், அதை ஒட்டி மையவாடி (இடுகாடு). பக்கத்தில் பள்ளிக்கூடம், தீவு மன்ற அலுவலகம், சின்ன மருத்துவ நிலையம். ஒரு முனையில் டீசல் மின் நிலையம், அதன் உறுமல் ராத்திரியெல்லாம் கேட்கும். காற்று எந்தப் பக்கம் போகுமோ அந்த முனையில் குப்பை கொட்டும் இடம். உள்பக்கக் கரையில் அலைதடுப்போடு படகுத்துறை. இவை போக ஒரு கால்பந்து மைதானம். அது இல்லாத தீவை நான் பார்த்ததில்லை! மிச்சம் இருக்கிற இடத்தில்தான் வீடுகள்.

இதையெல்லாம் ஒவ்வொரு தீவிலும் திரும்பக் கட்ட வேண்டும். பக்கத்துத் தீவின் மின் நிலையத்திலிருந்து கம்பி இழுக்க முடியாது, பக்கத்துத் தீவு மையவாடிக்குப் படகில் போக யாருக்கும் மனசு வராது. என் பத்தாம் வகுப்பில் இருந்த பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதற்காக ஆய்வுக்கூடம் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? சிங்கப்பூரில் ஐந்து லட்சம் பேருக்குக் கூடுதலாக ஒரு மின் நிலையம் போதும். இங்கே அதே ஐந்து லட்சத்துக்கு 190 ஊர்களில் 190 மின் நிலையம், 190 துறை, 190 குப்பைமேடு. ஐந்து மடங்கு நிலம் இப்படித்தான் காணாமல் போகிறது.

மாலே கதை தனி. அந்தத் தீவு 2 சதுர கிலோமீட்டர்தான், அதுவும் ஓரங்களைத் தூர்த்த பிறகு. அதில் ஒரு லட்சத்துக்கு மேல் ஜனம். தலைக்கு 20 சதுர மீட்டர் தேறாது. பக்கத்துத் தீவுகளான ஹுல்ஹுமாலே, விலிமாலே எல்லாம் சேர்த்தால் நாட்டில் ஐந்தில் இரண்டு பேர் அந்த ஒரு மூலையில் இருக்கிறார்கள். மேல்படிப்பு, பெரிய ஆஸ்பத்திரி, அரசு வேலை எல்லாம் அங்கே இருந்தால் ஜனம் வேறு எங்கே போகும்?

நிலஅளவையர்

டீச்சர் சொன்னதற்கு ஒரு கணக்குச் சேர்க்கிறேன். ஓய்வு பெற்றாலும் பழக்கம் போகவில்லை.

298 சதுர கிலோமீட்டரை 1,190 தீவுகளுக்கு வகுத்தால் சராசரி 25 ஹெக்டேர், சுமார் 62 ஏக்கர். நம் ஊரில் ஒரு பெரிய பண்ணையார் நிலம். இது வட்டமான தீவு என்று வைத்துக்கொள்வோம். கரையிலிருந்து 20 மீட்டருக்கு எதுவும் கட்டாமல் மரம் மட்டும் விடுவதாக இருந்தால் 14 சதவீத நிலம் அதிலேயே போய்விடும். அதே 25 ஹெக்டேர் 100 மீட்டர் அகலமும் 2,500 மீட்டர் நீளமுமாக இருந்தால் (பவளத் தீவுகளில் இப்படி நீளமான வடிவம் நிறைய) 40 சதவீதம் போகும்.

சிங்கப்பூருக்கும் இதே 20 மீட்டர் விதியைப் போடுங்கள். கரை 200 கிலோமீட்டர் என்றாலும் இழப்பு 4 சதுர கிலோமீட்டர், அரை சதவீதம். பரப்பளவைப் பார்க்கிறவர்கள் கரையின் நீளத்தையும் கூடப் பார்க்க வேண்டும். மாலத்தீவில் நிலம் என்பதே பாதிக்குப் பாதி கரைதான்.

பழைய துறைமுகம்

தூத்துக்குடியிலிருந்து ஒரு குரல். அண்ணாச்சிமாரே, இந்த விஷயத்தில் நம்ம ஊரை விட்டுவிட்டுப் பேசினால் எப்படி?

மாலேயில் எழும்புகிற கட்டடத்தில் கல்லும் மணலும் எங்கே இருந்து வருது என்று நினைக்கிறீர்கள்? எங்கள் பழைய துறைமுகத்தில் தோணியில் ஏற்றுவதை நான் சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். காய்கறி, வெங்காயம், ஜல்லி, ஹாலோ பிளாக் வரைக்கும் போகும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மட்டும் தோணி ஓடாது. பெரிய சரக்கு இப்போது பார்ஜிலும் கப்பலிலும் போகிறது.

இந்தியாவுக்கும் மாலத்தீவுக்கும் 1981 ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. அதன்படி உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டை, அரிசி மாதிரியானவற்றுக்கு வருடா வருடம் ஒதுக்கீடு. இங்கே ஏற்றுமதித் தடை இருந்தாலும் அவர்களுக்கு மட்டும் போகும். 2024-25க்கு ஆற்று மணல் 10 லட்சம் டன், ஜல்லி 10 லட்சம் டன். நம்ம ஊரில் ஆற்று மணலுக்கு நடக்கிற சண்டை தெரிந்தவர்களுக்கு இந்த எண் உறைக்கும்.

பாளையங்கோட்டை ராஜா

சுற்றிலும் மணல் கடற்கரையாக இருக்கிற நாட்டுக்கு நாம மணல் அனுப்புறோமா? வெள்ளை மணலைப் பார்க்கத்தானே ஊரே அங்கே போகுது?

பழைய துறைமுகம்

அது பவளம் பொடிந்த மணல், ராஜா. உப்பும் ஊறியிருக்கும். கம்பி போட்ட கான்கிரீட்டில் அதைச் சேர்த்தால் சீக்கிரம் கம்பி துருப்பிடித்து வெடிப்பு விடும். அதனால் பணி நடக்கிற இடத்துக்கு ஆற்று மணல்தான் கேட்பார்கள். கடலைத் தூர்க்க மட்டும் அவர்களுடைய மணலே போதும். அட்டோலுக்குள், அதாவது வளையமாகக் கிடக்கிற பவளத் தீவுக் கூட்டத்துக்குள், ஆழம் குறைந்த கடல் இருக்கிறதே, அங்கே அடியிலிருந்து பம்பு வைத்து உறிஞ்சி எடுத்துக் கொட்டுவார்கள்.

முன்பெல்லாம் பவளப்பாறையையே வெட்டி வீடு கட்டியிருக்கிறார்கள். பாறையை எடுத்தால் அலை நேரே ஊருக்குள் வரும் என்று தெரிந்த பிறகு கட்டுப்படுத்திவிட்டார்கள். அப்புறம்தான் நம்ம கல்லுக்குக் கிராக்கி.

தெலுக் ஆயர் நடையன்

மணல் பேச்சு வந்துவிட்டதால் சிங்கப்பூரின் மணல் கதையையும் எழுதிவிடுகிறேன். குமார் அதைத் தொடவில்லை.

1822இலேயே ஒரு குன்றை வெட்டி அந்த மண்ணை ஆற்றோரச் சதுப்பில் கொட்டித்தான் படகுத்துறைப் பகுதியை உண்டாக்கினார்கள். 1966இல் கிழக்குக் கரைத் திட்டம் தொடங்கியபோதும் பிடோக் பக்கத்துக் குன்றுகளை வெட்டினார்கள். வெட்டக் குன்று தீர்ந்தது. கடலடி மணலும் பெரிதாக இல்லை. அப்புறம் அக்கம்பக்கத்து நாடுகளிடம் வாங்க ஆரம்பித்தார்கள். 1997இல் மலேசியா தடை போட்டது. 2007இல் இந்தோனேசியா. 2017இல் கம்போடியா. கடலுக்குள் தீவுகளே கரைந்துபோகின்றன என்று இந்தோனேசியாவில் அப்போது பெரிய கொந்தளிப்பு.

இதனால்தான் தெக்கோங்கில் முறையை மாற்றினார்கள். கடலைச் சுற்றி 10 கிலோமீட்டர் அணை கட்டி, உள்ளே இருக்கும் நீரை இறைத்துவிட்டு, கடல் மட்டத்தை விடத் தாழ்வான நிலத்தை அப்படியே பயன்படுத்துவது. டச்சுக்காரர்கள் நூற்றாண்டுகளாகச் செய்வது. 800 ஹெக்டேருக்குக் கொஞ்சம் அதிகம். மேடாக்க வேண்டியதில்லை என்பதால் மணல் மிச்சம். விலை என்னவென்றால் பம்புகளை என்றைக்கும் நிறுத்த முடியாது.

தமிழர்களுக்கு ஒரு அடையாளம் சொல்கிறேன். தெலுக் ஆயர் சாலையில் ஒரு நாகூர் தர்கா இருக்கிறது, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1828-30இல் எழுப்பியது. கப்பல் விட்டு இறங்கியதும் நன்றி சொல்லத் தோதாகக் கரையிலேயே கட்டினார்கள். அந்தச் சாலைதான் அப்போது கடற்கரை. இன்று வாசலில் நின்று பார்த்தால் அலுவலக மாடிகள்தான் தெரியும். கடலைப் பார்க்க வேண்டுமானால் எம்ஆர்டி ரயில் பிடிக்கலாம்!

சோழிங்கநல்லூர் ப்ளானர்

எல்லாரும் மாலத்தீவுக்கு இரக்கப்படுகிறீர்கள். எனக்கு இது நிர்வாகக் கோளாறாகத்தான் தெரிகிறது. ஐந்து லட்சம் பேரை 190 இடத்தில் வைத்துச் சேவை செய்ய வேண்டும் என்று யார் சொன்னது? ஐந்தாறு பெரிய தீவுகளுக்கு எல்லாரையும் கொண்டு வந்தால் மின் நிலையமும் ஆஸ்பத்திரியும் ஐந்தாறு போதும். சிங்கப்பூரும் கம்போங்குகளை (பழைய கிராமக் குடியிருப்புகளை) காலி செய்துதானே நகரம் கட்டியது? 1966இல் நிலம் கையகப்படுத்தும் சட்டம் போட்டார்கள். பொங்கோலில் பன்றிப் பண்ணைகளை மூடினார்கள். ஜனம் முணுமுணுத்தது, பிறகு வீவக வீட்டில் குடியேறியது. இன்று நாட்டின் நிலத்தில் கிட்டத்தட்ட 90 சதவீதம் அரசுடையது. துணிச்சல் இருந்தால் மாலத்தீவிலும் முடியும்.

கடல்தாண்டிய டீச்சர்

ப்ளானர் சார், இந்த யோசனை அவர்களுக்குப் புதுசு இல்லை. சின்னத் தீவு ஜனத்தைப் பெரிய தீவுகளில் சேர்க்கிற பேச்சு பல வருடமாக இருக்கிறது. ஹுல்ஹுமாலேயே அதன் பெரிய வடிவம்தான். 1997இல் தூர்க்க ஆரம்பித்து முதல் கட்டமாக 188 ஹெக்டேர், 2015இல் இன்னொரு 240 ஹெக்டேர். 2004இல் குடியேற்றம் தொடங்கியது. அதில் 25 மாடியில் 16 கோபுரங்கள், 7,000 வீடுகள் வரிசையாக நிற்கும். 2018இல் மாலேயிலிருந்து பாலமும் வந்துவிட்டது. புகைப்படத்தில் பார்த்தால் சிங்கப்பூரின் செங்காங் என்றே நினைப்பீர்கள்.

கம்போங்கைக் காலி செய்தபோது அந்தக் குடும்பம் போன இடம் ஏழெட்டு மைல் தள்ளி. வேலையும் சந்தையும் அதே ஊரில். மாலத்தீவில் தீவை விடுவது அப்படி இல்லை. மீன்பிடிக்கிறவனுக்குத் தன் தீவைச் சுற்றியுள்ள பாறையும் நீரோட்டமும் தெரியும், அதுதான் அவன் சொத்து. புது இடத்தில் அவன் கத்துக்குட்டி. சுனாமி அடித்த பிறகு ராஅ அட்டோலில் கந்தொல்ஹுதூ என்ற தீவு ஜனம் முழுவதையும் துவாஃபாருவுக்குக் குடியேற்றினார்கள். ஊரே வாழ முடியாமல் போனதால் அது நடந்தது. தா அட்டோலில் விலுஃபுஷியும் அழிந்தது. அந்த ஜனத்தை நிரந்தரமாக வேறு இடத்துக்கு அனுப்பவில்லை. அதே தீவைப் பல மடங்கு பெரிதாக்கி உயர்த்தி, ஜனத்தைத் திரும்பக் கொண்டு வந்தார்கள்.

இன்னொன்று, காலியாகக் கிடப்பதெல்லாம் வீண் நிலம் என்ற கணக்கும் அங்கே செல்லாது. 1972இல் முதல் விடுதி தொடங்கிய நாளிலிருந்து அவர்கள் விற்பது தனிமையைத்தான். ஒரு தீவுக்கு ஒரு விடுதி. பக்கத்தில் ஊர் கிடையாது, சந்தை கிடையாது. விடுதித் தீவிலும் நிலத்தின் ஒரு பகுதியில்தான் கட்டலாம், கட்டடம் மர உயரத்தைத் தாண்டக் கூடாது என்றெல்லாம் கட்டுப்பாடு. எல்லாரையும் ஐந்து தீவுக்குக் கொண்டு வந்து அடைத்தாலும் மிச்சத் தீவுகளில் தொழிற்பேட்டை போட மாட்டார்கள். விடுதிக்குத்தான் குத்தகை விடுவார்கள். அதை இப்போதே செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

வரைபடப்பிரியன்

விடுதி என்றதும் ஒரு சந்தேகம். தண்ணீர் மேல் கால் ஊன்றி நிற்கிற அந்தக் குடில்கள் 298 கணக்கில் வருமா?

நிலஅளவையர்

வராது. நிலப்பரப்பு என்றால் நிலம்தான். அந்த நாட்டின் வருமானத்தில் ஒரு நல்ல பங்கு பரப்பளவுப் பட்டியலுக்கு வெளியே, கடல் மேல் நிற்கிறது. கழிவுநீர்க் குழாய், மின்சாரம், நடைபாலம் எல்லாம் அதற்கும் போகிறது.

சிங்கப்பூர் இதற்கு எதிர்த்திசையில் போயிருக்கிறது. ஜூரோங் தீவுக்கு அடியில், தரையிலிருந்து 130 மீட்டருக்கும் கீழே பாறையைக் குடைந்து எண்ணெய்க் கிடங்கு வைத்திருக்கிறார்கள். 2014இல் திறந்தது. மேலே 60 ஹெக்டேர் மிச்சம் என்று சொன்னார்கள். நிலத்தடியில் குடைய உறுதியான பாறை வேண்டும். பவளத் தீவில் நாலடி தோண்டினால் தண்ணீர்.

மாசிச் சம்பல்

இவ்வளவு பேசுகிறீர்கள், மாசிக் கருவாடு பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லையே? எங்கள் வீட்டில் மாலத்தீவு என்றாலே அதுதான். காயல்பட்டினத்து மாசி நல்லதா மாலே மாசி நல்லதா?

நெறியாளர்

சம்பலுக்குத் தனி இழை சமையல் பகுதியில் இருக்கிறது. இங்கே நிலம் மட்டும்.

மாசிச் சம்பல்

சரி, நிலத்துக்கே வருகிறேன். சாப்பாடு எங்கே விளைகிறது? அதுவும் நிலப் பயன்பாடுதானே நெறியாளரே?

செங்காங் குமார்

நியாயமான கேள்வி. சிங்கப்பூரில் பயிர் நிலம் ஏறக்குறைய 1 சதவீதம். லிம் சூ காங், கிராஞ்சி பக்கம் போனால் முட்டைப் பண்ணை, கீரைப் பண்ணை, மீன் வளர்ப்பு பார்க்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிளகும் காம்பியரும் (தோல் பதனிட உதவும் பயிர்), பிறகு ரப்பரும் இருந்த ஊர். 2030க்குள் சத்துத் தேவையில் 30 சதவீதத்தை உள்ளூரிலேயே விளைவிப்போம் என்று 2019இல் இலக்கு வைத்தார்கள். மின்விளக்கு வெளிச்சத்தில் அடுக்கடுக்காகக் கீரை வளர்க்கிற நிறுவனங்கள் வந்தன. சில மூடிக்கொண்டன, மின்கட்டணம் கட்டுபடியாகவில்லை. 2025 நவம்பரில் அந்த இலக்கைக் கைவிட்டு, 2035க்கு வேறு இலக்கு வைத்துவிட்டார்கள். எனக்கு ஆச்சரியம் இல்லை. பக்கத்தில் ஜோகூர் இருக்கும்போது மாடியில் விளையும் கீரையை யார் கூட விலை கொடுத்து வாங்குவார்கள்?

கடல்தாண்டிய டீச்சர்

மாலத்தீவில் பவள மண், மேலாக ஒரு சாண் மக்கு. தென்னை, கடச்சக்கை (ஈரப்பலா), வாழை, தெற்கே ஃபுவாமுலா பக்கம் சேம்பு. தொட்டூ என்று ஒரு தீவு, தர்பூசணிக்கும் பப்பாளிக்கும் பேர் போனது. நோன்பு மாதம் வந்தால் மாலே சந்தை முழுக்கத் தொட்டூ தர்பூசணிதான். மற்றபடி அரிசி, மாவு, வெங்காயம், கோழி எல்லாம் கப்பல். கடல் கொந்தளித்துச் சரக்குப் படகு வரத் தாமதமானால் எங்கள் தீவுக் கடையில் தக்காளி இருக்காது, டின் மீன் மட்டும் இருக்கும்.

தண்ணீரும் அப்படித்தான். மழைநீர் மணலில் இறங்கி உப்பு நீருக்கு மேலே ஒரு மெல்லிய படலமாக நிற்கும். ஜனம் கூடினால் அது கெட்டுவிடும். மாலேயில் எப்போதோ கெட்டுப்போனது. 2014 டிசம்பரில் மாலேயின் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் தீப்பிடித்தது. ஊருக்கே குடிக்கத் தண்ணீர் இல்லை. இந்தியாவிலிருந்து விமானத்திலும் கடற்படைக் கப்பலிலும் தண்ணீர் போனது. சிங்கப்பூர் மாதிரி மழையைப் பிடித்து வைக்க ஏரி கட்டலாம் என்று யாராவது எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: ஏரிக்கு மேட்டு நிலம் வேண்டும். நாட்டின் 80 சதவீதம் கடல் மட்டத்திலிருந்து ஒரு மீட்டருக்குள்.

சோழிங்கநல்லூர் ப்ளானர்

அதையேதான் நானும் கேட்கிறேன். ஒரு மீட்டருக்குள் இருக்கிற 190 ஊரை எப்படிக் காப்பாற்றப் போகிறார்கள்? ஒரு ஊருக்கு ஒரு சுவர் என்றாலும் 190 சுவர். சிங்கப்பூர் 2011இலேயே, புதிதாகத் தூர்க்கும் நிலம் சராசரிக் கடல் மட்டத்திலிருந்து 4 மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்று முன்பிருந்த 3 மீட்டர் விதியை உயர்த்திவிட்டது. கிழக்குக் கரைக்கு வெளியே 800 ஹெக்டேரில் ஒரு நீண்ட தீவை உண்டாக்கி, உள்ளே நீர்த்தேக்கமும் வெளியே கடல் தடுப்புமாக ஒரே வேலையில் முடிக்கத் திட்டம். ஹுல்ஹுமாலே உயரம் 2 மீட்டர். இதை ஒப்பிட்டுப் பாருங்கள். சேர்ந்து வாழ்ந்தால் ஒரு சுவர், பிரிந்து வாழ்ந்தால் நூறு சுவர். இதில் இரக்கத்துக்கு எங்கே இடம்?

நிலஅளவையர்

பாதி ஒத்துக்கொள்கிறேன். மாலேயைச் சுற்றி ஜப்பான் உதவியோடு கான்கிரீட் தடுப்பு கட்டினார்கள். 1987இல் பெரிய அலைகள் ஊருக்குள் வந்த பிறகு தொடங்கியது. 2004 சுனாமியில் தலைநகர் தப்பியதற்கு அது ஒரு காரணம். அது ஒரு தீவுக்கு. 190க்கும் அப்படிக் கட்ட அந்த நாட்டிடம் பணம் இல்லை.

மறுபாதி இது. பவளத் தீவு அசையாத பாறை இல்லை. வடகிழக்குக் காற்றுக் காலத்தில் ஒரு பக்கம் மணல் சேரும், தென்மேற்குக் காற்றில் மறுபக்கம் போகும். பவளப்பாறை உயிரோடு இருக்கும்வரை புது மணலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். சுவர் கட்டினால் அந்த ஓட்டம் நின்றுவிடும், தூர்க்க மணலை உறிஞ்சினால் பாறை மேல் சேறு படியும். சிங்கப்பூரில் சுவர் நிலத்தைக் காக்கிறது. இங்கே நிலத்தை உண்டாக்கும் வேலையை அதே சுவர் கெடுக்கலாம். தெற்கே அட்டு அட்டோலில் இந்திய எக்ஸிம் வங்கிக் கடனில் 180 ஹெக்டேருக்கு மேல் தூர்த்தபோது சுற்றுச்சூழல்காரர்கள் எதிர்த்தது இதற்காகத்தான். அந்த அட்டோல் 2020இல்தான் யுனெஸ்கோ உயிர்க்கோளப் பட்டியலில் சேர்ந்திருந்தது.

பாளையங்கோட்டை ராஜா

நிலம் இவ்வளவு அருமையாக இருக்கிற ஊரில் ஒரு சென்ட் வாங்க முடியுமா? சும்மா கேட்கிறேன், என்னிடம் பணம் இல்லை.

தெலுக் ஆயர் நடையன்

பணம் இருந்தாலும் சிங்கப்பூரில் வீவக வீடு 99 வருடக் குத்தகைதான். செத்த பிறகும் குத்தகைதான். புதைக்க இடம் இருக்கிற ஒரே இடுகாடு சுவா சூ காங். 1998 முதல் 15 வருடம்தான் அனுமதி. அதற்குப் பிறகு எலும்பைத் தோண்டி எடுத்து, மத வழக்கத்தைப் பொறுத்து எரிப்பார்கள் அல்லது நெருக்கமான குழிகளில் மறுபடி புதைப்பார்கள். கோல்ஃப் மைதானங்களின் குத்தகையையும் ஒவ்வொன்றாக முடித்து வருகிறார்கள், அந்த இடத்தில் வீடு வருகிறது. பாய லேபார் விமானப் படைத்தளம் 2030களில் இடம் மாறினால் இன்னொரு 800 ஹெக்டேர் கிடைக்கும்.

கடல்தாண்டிய டீச்சர்

மாலத்தீவில் வெளிநாட்டவர் நிலம் வாங்க முடியாது, குத்தகை மட்டும். நடுவில் ஒரு ஜன்னல் திறந்தது. 2015இல் அரசியல் சாசனத்தைத் திருத்தி, 100 கோடி டாலர் முதலீடு செய்கிறவர்களுக்கு நிலத்தைச் சொந்தமாகவே கொடுக்கலாம் என்றார்கள். அதில் ஒரு நிபந்தனை: அந்தத் திட்ட நிலத்தில் 70 சதவீதமாவது கடலைத் தூர்த்து உண்டாக்கியதாக இருக்க வேண்டும். இருக்கிறதைத் தர மாட்டோம், நீயே செய்துகொள் என்கிற மாதிரி! 2018இல் ஆட்சி மாறியது, 2019இல் அந்தத் திருத்தத்தை நீக்கிவிட்டார்கள்.

பாளையங்கோட்டை ராஜா

100 கோடி டாலரா? சரி டீச்சர், பாளையங்கோட்டையிலேயே பார்த்துக்கொள்கிறேன்.

வரைபடப்பிரியன்

எல்லாருக்கும் நன்றி. மகளிடம் 298, 736 இரண்டையும் சொல்லியாயிற்று. "அப்பா, மாலத்தீவில் அளந்தது எந்தக் காற்றுக் காலத்தில்?" என்று கேட்கிறாள். நிலஅளவையர் ஐயா, இதற்கு நீங்கள்தான் வர வேண்டும்.

நிலஅளவையர்

கெட்டிக்காரப் பெண். மணல் நகர்கிறதே தவிர, செடி முளைத்து நிற்கும் ஓரம் அவ்வளவு சீக்கிரம் நகராது. அதனால் செயற்கைக்கோள் படத்தில் பச்சை முடியும் கோட்டை எல்லையாக எடுப்பவர்கள் உண்டு, உயர் அலை தொடும் கோட்டை எடுப்பவர்களும் உண்டு. பெரிய நாட்டுக்கு இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. இங்கே கரை இத்தனை நீளம் இருப்பதால் எண்ணே மாறிவிடும். வெவ்வேறு புத்தகங்களில் வெவ்வேறு பரப்பளவு பார்த்தால் அவளைக் குழம்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். போட்டியில் மட்டும் 298 என்றே எழுதச் சொல்லுங்கள், விடைத்தாளில் அதுதான் இருக்கும்.